ஷிப்டு முடிஞ்சதும் வரதன் வருவாரு

அய்யோ, அண்ணி கைல கீறது அட்ச்ச தடம் இல்ல மேடம். கவுறு தடம். மொதல்ல குந்துங்க. அந்த சேரு ஒரு காலு ஆடும், செவுத்தாண்ட சாச்சிப் போட்டுக்கங்க. அண்ணிய ஹார்பர் கேட்டாண்டேந்து போலீஸ் ஜீப்புல ஏத்தி வூடு வரிக்கும் கொணாந்து வுட்டீங்களே, யாரு செய்வா இந்தக் காலத்துல? நீங்க இன்னா வேணா கேளுங்க, நான் பதில் சொல்றேன்.

நானா? நான் வரதனோட கேங்கு. ஹார்பர்ல ஒண்ணா வேல செஞ்ச ஆளு. அவரு ஷிப்டுக்குப் போய்க்கீறாரு. வர்ற வரிக்கும் அண்ணிக்குத் தொணையா நான் குந்தினுகீறேன். இல்லண்ணி, உங்கள ஒண்ணும் சொல்லல. வருவாரு, வருவாரு. கப்பல்ல வேல முடியலயாம். நீங்க டீயக் குடிங்க, ஆறிடும்.

பாத்தீங்களா? வரதன்ற பேரு காதுல வுழுந்தா கண்டி அப்டி ஒரு முழிப்பு. மத்ததுலாம் பூட்ச்சி மேடம். சோறு துன்னது மறந்துடும், தெரு பேரு மறந்துடும், கண்ணாடியாண்ட நின்னுகினு யாரோ வந்துகீறாங்கன்னு சொல்லும். பெரியாஸ்பத்திரில காட்டியாச்சி. மாத்தர குட்த்தாங்க. இது திரும்பாது, பத்திரமா பாத்துக்கங்கன்னு சொல்ட்டாங்க.

அதான் சொல்றேன், பத்திரத்துக்குதான் கட்டுனது. எயிந்து வாசலப் பாருங்க. படில ஒரு கால வச்சா அடுத்த கால் தண்டவாளம். கொருக்குப்பேட்டைல எங்க சந்துல எல்லா வூடும் இப்டித்தான். கூட்ஸு வண்டி வர்றது அண்ணிக்குப் புரியாது, அது பாட்டுக்கு நடந்துகினே போவும். கடைக்குப் போவணும்னா இன்னா பண்றது? புள்ள குட்டியும் இல்ல. கதவப் பூட்டிட்டுப் போனா பயந்துகினு மண்டைய இட்ச்சிக்கிது. அத ஒருதரம் பாத்தாச்சி. அப்பால பூட்டு போட மனசு வர்ல.

தெரியும் மேடம். மனுசனக் கட்டக் கூடாதுன்றது எனக்கும் தெரியும், வரதனுக்கும் தெரியும். வூட்டுக்காரரு நேர்ல வந்தாதான் வுடுவேன், இல்லாங்காட்டி காப்பகத்துக்கு இட்டுகினு பூடுவேன்றீங்க. நீங்க சொல்றது ஞாயம்தான். ஆனா எப்டிக் கட்டுனாருன்றத கொஞ்சம் கேட்டுட்டு அப்பால முடிவு பண்ணுங்க.

வரதனுக்கு லாஷிங் வேல. கப்பல்ல பொட்டி மேல பொட்டியா கண்டெய்னர அடுக்குறாங்கல்ல, அது கடல்ல ஆடி அசஞ்சி கவுந்துடாம இஸ்து கட்டுறதுதான் லாஷிங். பொட்டி மூலைக்கு மூல ஒரு பூட்டு போடுவாங்க, ட்விஸ்ட் லாக்குன்னு. அப்பால ஆள் ஒசரத்த விட நீட்டு இரும்பு ராடு, அத்தத் தூக்கி மேல் பொட்டி மூலைல கொக்கி மாட்டணும். காத்துல ராடு ஆடும் பாருங்க, தோளு எறங்கிப் பூடும். கீய டர்ன்பக்கிள் இருக்கும், ரெண்டு பக்கமும் திருகு மரை வச்ச முறுக்கி. அத்த முறுக்க முறுக்க ராடு வெறைச்சிக்கும். குறுக்கால ஒண்ணு, எதுத்தாப்புல ஒண்ணு. தட்டிப் பாத்தா டிங்குன்னு சத்தம் வரணும். தொத்துன்னு வந்தா அது லூசு. சரக்கு கட்டுறவனுக்கு லூசுன்றது கெட்ட வார்த்த மேடம். துளி எடம் வுட்டாலும் அலைல பொட்டி அசையும், அசைஞ்சா இடிக்கும், இடிச்சா அறுத்துகினு பூடும். ஆயுசுக்கும் டைட்டு டைட்டுன்னே கட்டுன கை அது.

அந்தக் கைதான் அண்ணிக்குக் கட்டணும். எப்டிக் கட்டும், சொல்லுங்க? மொத நாளு முடிச்ச இஸ்துட்டு, அண்ணி ஸ்ஸுன்னுதுன்னு அவுத்துட்டு, திரும்பிக் கட்டி, திரும்பி அவுத்து, சோறு துன்னாம குந்தினுந்தாரு. அப்பால ஒரு வழி கண்டுபுட்ச்சாரு. பயைய வேட்டியக் கியிச்சி மணிக்கட்டுல சுத்திட்டு, அதுக்கு மேலதான் கவுறு. கப்பல்லயும் இரும்பு மேல இரும்பு ஒரசாம நடுவுல மரக்கட்ட குடுப்போம், அந்த மாரி. கவுத்துக்கும் கைக்கும் நடுவுல ஒரு வெரலு பூந்து வரணும். நீளமும் அளந்து வச்சிகீறாரு. கக்கூஸ் வரிக்கும் எட்டணும், வாசப்படி வரிக்கும் எட்டக் கூடாது. அந்தத் தடம் கட்டுனதால வர்ல. அவுக்கறதுக்கு இஸ்து இஸ்து பாத்துகீது, அதுல வந்தது.

ஆமா, அவுத்துடும். அதான் வரதன் பண்ண தப்பு. பொண்டாட்டி எங்க பொறந்தவன்னு யோசிக்காம கவுத்துல முடிச்சி போட்டாரு. அண்ணி திருவொத்தியூராண்ட மீன்புடிக் குப்பத்துப் பொண்ணு. நட நடக்கறதுக்கு மின்ன வல பிரிச்ச கை. உப்புல நனைஞ்சி இறுகிப் போன முடிச்சியே நகத்தால தள்ளிப் பிரிச்சிடும். தன் பேரு மறந்துபூட்ச்சி, வெரலுக்கு மறக்கல. எந்த முடிச்சி போட்டாலும் கண்ண மூடிகினு அவுத்துட்டு, கவுத்த ஷோக்கா சுருட்டி ஆணில மாட்டிடும். வரதனுக்குக் கோவமும் வரும், சிரிப்பும் வரும். அப்பால அழுவையும் வரும்.

இருக்குது மேடம், அண்ணியால கயட்ட முடியாத சாமானும் இருக்குது. சாக்கிள். குதிர லாடம் மாரி இரும்பு வளையம், வாய்ல ஒரு போல்ட்டு. ஒண்ணு எடுத்தாந்து டிவிக்குப் பின்னால வச்சிகீறாரு. பாத்தீங்களா, அதான். காலைல கைல எடுப்பாரு, கனத்தப் பாப்பாரு, அங்கியே வச்சிடுவாரு. கப்பலுக்குப் போட்ட இரும்ப அந்தக் கைல போட அவரால முடியல. போட்டிருந்தா இன்னிக்கி நீங்க இங்க வந்துக்க மாட்டீங்க.

சொந்தக்காரங்களா? யாரு வருவா? வரதனுக்கு வியாசர்பாடி, சாதி வேற. அண்ணி குப்பத்துல இந்தக் கண்ணாலத்த யாரும் ஒத்துக்கல. இவரு பக்கமும் அதே மாரிதான். நல்லதுக்கும் வர்ல, கெட்டதுக்கும் வர்ல. இவங்க ரெண்டு பேருக்கும் இவங்க ரெண்டு பேருதான். அதுல ஒருத்தரு மறந்துட்டா மிச்சம் யாரு கீறா, சொல்லுங்க.

அண்ணி... அண்ணி... தூங்கிடுச்சா? கொஞ்சம் இருங்க மேடம், தலைக்கு இத்த வச்சிட்டு வரேன். ரொம்ப நடந்துகீது. பாதம்லாம் பாருங்க, செவந்துகீது.

வெளிய வோணாம், இங்கியே மெதுவா பேசுறேன். மேடம், வரதனுக்காகக் காத்துகினு இருக்காதீங்க. நான்தான் வரதன்.

சத்தம் போடாதீங்க, எயிந்துடுவா. இந்தா பாருங்க ஆதார் கார்டு. பொய் சொன்னதுக்கு நீங்க இன்னா வேணா பண்ணுங்க. ஹார்பர் வேலய வுட்டு நாளாச்சி. இவளப் பாத்துக்கதான் வுட்டேன். மொதல்லாம் என்னத் தெரிஞ்சிகினா. அப்பால ஹெல்மெட்டு, அந்த ஆரஞ்சு சட்டை, பூட்ஸு போட்டுகினு வெளிய போய் வந்தா தெரிஞ்சிப்பா. வந்துட்டியா மாமான்னு வாசலுக்கு வருவா. தெனம் சாயங்காலம் வேஷம் கட்றவன் மாரி சந்து முனைக்குப் போய்ட்டு வருவேன். ஒரு நாளு அதுவும் போச்சி. நான்தான்டி வரதன்னேன். என் புருசன் பேர சொல்லிகினு எவனோ உள்ள பூந்துட்டான்னு அவ கத்துன கத்துல சந்தே கூடிட்ச்சி. அன்னிலேந்து நான் வரதனோட தோஸ்து. தாலி கட்டுனவள அண்ணின்னு கூப்டுகினு கீறேன். அப்டிக் கூப்டாதான் என் கையால சோறு வாங்கித் துன்றா.

தோஸ்துன்றதால மனசு தொறந்து பேசுறா மேடம். அவரு வர்ற செருப்பு சத்தம் கேட்டாதான் எனக்கு மூச்சே வரும்றா. கப்பல்ல கால் சறுக்காம இருக்கணும்னு எல்லா சாமியாண்டயும் கேப்பாளாம். இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. வேற ஆளாண்ட சொல்றா, அத்த நான் குந்தினு கேக்கறேன்.

இன்னிக்கிக் காலைல, தம்பி, நீ போய் அவர இட்டுகினு வாயேன்னா. இல்லன்னு சொல்ல முடியுமா? கவுத்தக் கட்டிட்டு, பால் பூத்தாண்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து, கப்பல்ல கீறாரு அண்ணின்னு சொல்லலாம்னு போனேன். வந்து பாத்தா ஆணில கவுறு தொங்குது. அவளே தேடிகினு பூட்டா, என்னிய.

என்னப் புடிக்கணும்னா புடிங்க. அவள இங்கியே வுட்டுடுங்க மேடம். காப்பகத்துல நல்லாப் பாத்துப்பாங்க, நான் இல்லன்னு சொல்லல. ஆனா வரதன் எங்கன்னு அவ கேக்கறப்போ, வேல முடியல, வந்துடுவாருன்னு அலுத்துக்காம யாரு சொல்லிகினு இருப்பா?

வழில அவளுக்கு டீயோட பன்னு வாங்கிக் குட்த்தீங்களா? அதான், முந்தானைல பாதி முடிஞ்சி வச்சிகீறா. நானும் காலைலேந்து துன்னல, பசி எடுக்குது. ஆனா அத்தத் தொட முடியாது மேடம். அது வரதனுக்கு வச்சது, நான் துன்னுட்டா அழுவா.