மைனிக்குக் காட்டின பம்பாய்

— இன்னுமா சொல்லலை காசிராஜா?

— மெதுவாப் பேசுங்க உதுமான் பாய். மைனி அந்தாக் கடலைப் பாத்துக்கிட்டு நிக்காக.

— அரே, விடியக்காலம் ரயில்ல இருந்து இறக்கினவ. இப்போ மத்தியானம் ஆகப் போகுது. புருசனைப் பறிகொடுத்த பொம்பளைக்கு கேட்வே ஆஃப் இந்தியாவைக் காட்டிக்கிட்டு நிக்கியே, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா?

— பெறகு எங்க கொண்டு போகச் சொல்லுதீக? தாராவியில பொம்பளையெல்லாம் தலையை விரிச்சுப் போட்டு உக்காந்திருக்காக. அண்ணன் அங்க கெடந்தாலாவது மூஞ்சியைப் பாத்து அழுவாக. ஆளில்லாத வெறும் கோளி ரூம்ல போயி எதைக் கட்டிப் பிடிச்சு அழ? ஆஸ்பத்திரியில என்ன சொன்னான்?

— அதைச் சொல்லத்தான் ஓடி வாரேன். இன்னைக்கு ஜனவரி இருபத்தாறு, ஆபீஸ் பந்த். கையெழுத்துப் போடுற சாப் நாளைக்குத்தான் வருவாராம். அதுக்கப்புறந்தான் ஒங்கண்ணன் வேலுச்சாமியைத் தருவாங்க.

— அப்போ நாளைக்குச் சொல்லிக்கிடுதேன்.

— யா அல்லா! இது என்ன ஒளிச்சு வைக்கிற சாமானா? புருசன் எங்கன்னு அந்தம்மா கேக்கலியா?

— ரயில்ல இருந்து இறங்கி ஒரு தடவை கேட்டாக. தோல் லாரியோட பூனாவுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். அதோட சரி, கேக்கவே இல்ல. நாம அடிச்ச தந்தி ஊருக்குப் போய்ச் சேரும்போது அவுக பாதித் தூரம் வந்துட்டாக பாய். என்னைய என்னதான் செய்யச் சொல்லுதீக? காய்ச்சல்ல கெடக்கும்போதும் அண்ணனுக்கு இதே பேச்சுதான். 'சண்முகவடிவு வாரா. இருபத்தாறாம் தேதி தோல் கிடங்கு லீவு. கடலைக் காட்டணும்ல, மாடி பஸ்ல ஏத்தணும்ல'ன்னு. அவன் செய்ய நெனச்சதை நானாவது செஞ்சுட்டுப் போறேன்.

— சரி, சரி, போதும் நிறுத்து. அந்தம்மா வருது. கண்ணைத் தொடை.

— தம்பி, இது யாரு?

— அண்ணனோட தோல் கிடங்குல வேலை பாக்குத உதுமான் பாய், மைனி. மேலப்பாளையத்துக்காரர்.

— வாங்கம்மா, வாங்க. பிரயாணம் எல்லாம் சௌகரியமா?

— ஒரு குறையும் இல்ல பாய். அவுகளோடயா வேலை பாக்கீக? ஏன் பாய், அவுக இங்கயும் சாப்பிடும்போது பாட்டுப் படிப்பாகளா?

— படிப்பாரும்மா. வாயில சோத்தை வச்சுக்கிட்டுப் படிப்பாரு. நாங்க எல்லாம் சத்தம் போடுவோம்.

— அவுக அம்மாவும் இப்படித்தான் வைவாக. குரலாவது நல்லா இருக்குமா, தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டினாப்புல.

— நான் வாரேம்மா. கொஞ்சம் வேலை இருக்கு. அச்சா காசி, பாத்துக்கோ.

— பாவம், என்ன இப்படி ஓடுதாரு? தம்பி, அந்த மராட்டிக்காரிட்ட ஒரு முழம் பூ வாங்கிக் குடு.

— பூவா? இப்போ எதுக்கு மைனி?

— தலையில வைக்கத்தான். ஒங்க பம்பாய்ல காதுலயா வைப்பாக? என்னல, கண்ணு கலங்குது?

— கடக்காத்து மைனி. மண்ணு விழுந்துட்டு.

— தொடைச்சுக்கோ. அந்தாப் போட்டோப் பெட்டியோட நிக்கானே, அவனையும் கூப்பிடு. என்னைய ஒரு படம் எடுக்கட்டும்.

— ஒத்தையிலயா? அண்ணன் வந்ததும் ரெண்டு பேருமா…

— ஒத்தையிலதான். பூ வாடுததுக்குள்ள எடுக்கச் சொல்லு. நெத்தியில குங்குமம் சரியா இருக்கா பாரு.

— சரியா இருக்கு மைனி.

— பெறகு ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட? பாத்துச் சொல்லு.

— இருக்கு மைனி, நல்லா இருக்கு. படத்தை எடுத்துட்டு நடங்க, மாடி பஸ் வார நேரம்.

— ஆத்தாடி, இம்புட்டு உசரத்துலயா உக்காரணும்? கீழ போறவன் வழுக்கைத் தலையெல்லாம் தெரியுதே. எந்தக் கட்டடத்தைப் பாத்தாலும் கொடியா இருக்கு.

— இன்னைக்கு ஊரே இப்படித்தான் மைனி. அந்தாப் பாருங்க, அதுதான் மியூசியம்.

— அடுத்து எங்க? ஏதோ தொங்குத தோட்டம்னு கடுதாசியில எழுதியிருந்தாகளே.

— மலைக்கு மேல இருக்கு. அங்கதான் போறோம்.

— தோட்டம் எங்கல தொங்குது? எல்லாம் தரையிலதானே முளைச்சிருக்கு?

— பேருதான் மைனி அப்படி.

— ஒங்க அண்ணனுக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியும். இல்லாததையும் தொங்க விட்டுத்தான் எழுதுவாக. ஆனாலும் பொய்யில்ல. இங்க இருந்து பாத்தா கடல் எம்புட்டு அழகா வளைஞ்சு கெடக்கு!

— பொழுது சாயுது மைனி. இன்னைக்கு மாட்டுங்காவுல சுயம்பு அத்தான் வீட்டுல தங்கிக்கிடுவோம். நாளைக்குக் காலையில…

— காட்டச் சொன்ன இடம் எல்லாம் காட்டியாச்சா?

— ஆச்சு மைனி. மைனி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்லன்னுதான்…

— நீ சொல்லாத. சின்னப் பிள்ளை, ஒன் வாயால சொல்ல வேண்டாம். அவுகளை எங்க வச்சிருக்கீக? வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா?

— மைனி! பாய் சொல்லிட்டாரா?

— அவரு ஒண்ணும் சொல்லல.

— அப்போ தெரிஞ்சுக்கிட்டா பூ வச்சீக? தெரிஞ்சுக்கிட்டா எங்கூடச் சிரிச்சுப் பேசிச் சுத்தினீக?

— தாலியறுத்துக் கோடிச் சேலை போட்டதுக்கப்புறம் எனக்கு ஏது பூ? எவன் என்னைய ஊர் பாக்கக் கூட்டிட்டு வருவான்? அவுக பொண்டாட்டியா ஒரு நாள் இந்த ஊரைப் பாத்துருவோம்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் வந்தேன். அவுகளும் அதுக்குத்தானே என்னைய வரச் சொன்னாக.

— எப்பத்தான் மைனி தெரிஞ்சுது?

— ரயிலை விட்டு இறங்கினதும் ஓடி வந்து பெட்டியைத் தூக்கின. தண்ணி குடுத்த. 'வாங்க மைனி'ன்னு ஒரு வார்த்தை ஒனக்கு வாயில வரல. துட்டிக்கு, எழவு வீட்டுக்கு வந்தவளைத்தானய்யா நம்ம பக்கத்துல 'வாங்க'ன்னு கூப்பிடமாட்டாக.