உப்புப் பாலம்

அண்ணி: நின்னுடுச்சா?

தம்பி: நிக்கல அண்ணி. போகுது.

அண்ணி: நல்லாப் பாரு. லென்ஸைத் துடைச்சுட்டுப் பாரு.

தம்பி: லென்ஸ் எதுக்கு? வெறுங்கண்ணுக்கே தெரியுதே... மஞ்சளா, விசிறி மாதிரி. ரெண்டு தட்டுக்கும் நடுவுல ஜெல்லிப் பாலம் போட்டிருக்கோமே, அதுல பாதி தாண்டியாச்சு. முகத்தை அவ்ளோ கிட்ட கொண்டு போகாதீங்க, மூக்குல ஏறிடப் போகுது.

அண்ணி: உங்க அண்ணன் தலையில ஏறினது போதாதா... ஜன்னலை மூடு, இதுக்கு வெயில் ஆகாது.

தம்பி: இன்னும் அரை மணி. மூணு மணிக்கு காலேஜ்காரங்க மூணு பேரும் வந்துடுவாங்க. செத்துப்போன அண்ணனைப் புளுகன்னு சொன்னாரே மொட்டைத்தலை புரொபசர், அவர் கண்ணு முன்னாடி இது உப்பைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்து ஓட்ஸைத் தின்னணும். அப்போ அவர் மூஞ்சியைப் பார்க்கணும் நான்!

அண்ணி: எனக்கு யார் மூஞ்சியும் பார்க்க வேண்டாம். இது... இது போகக்கூடாது தம்பி.

தம்பி: என்ன அண்ணி, நீங்களே இப்படிச் சொல்றீங்க? அண்ணன் ஆறு நாள் பழக்கினாரு, உப்புக்குப் பயப்படாதேன்னு. வெறும் சளிப்பூஞ்சை, மூளையே கிடையாது, ஒத்தை செல்லு. ஆனா காய்ஞ்சு தூங்கி எழுந்தாலும் பழகினதை மறக்காதுன்னு எழுதினாரு. ஒருத்தனும் நம்பல.

அண்ணி: செடியும் இல்ல, பிராணியும் இல்ல, காளானும் இல்லம்பாரு. அப்போ எனக்கு இது என்ன முறைன்னு கேட்டேன்.

தம்பி: என்ன சொன்னாரு?

அண்ணி: பங்காளியாம். நூறு கோடி வருஷத்துக்கும் மேல ஆச்சாம் பாகம் பிரிஞ்சு. வாசல்ல நிக்கிற மரத்தை விட இதுதான் நமக்குக் கிட்டத்துச் சொந்தமாம். ஆதியில ஒரு செல்லு இன்னொண்ணை முழுங்கி, செரிக்காம உள்ளயே வச்சுக்கிச்சாம். நாம, மரம், இது... எல்லாரும் அந்த வயித்துல வந்தவங்கதானாம். சாப்பிட உட்காரும்போதுதான் இதைச் சொல்லுவாரு. எனக்குச் சோறே இறங்காது.

தம்பி: ஹ... அண்ணனேதான்!

அண்ணி: சிரிக்காத. அங்க பாரு... உள்ள சாறு ஓடுதே. ஓடி... நிக்குது. திரும்பி ஓடுது.

தம்பி: எப்பவும் அப்படித்தானே. முன்னாடி போகும், பின்னாடி வரும்.

அண்ணி: ஆஸ்பத்திரியில கடைசி வாரம் அவர் மூச்சு இப்படித்தான் இருந்துச்சு.

தம்பி: அண்ணி... முதல்ல உட்காருங்க.

அண்ணி: ஒண்ணு சொன்னா கத்தமாட்டியே?

தம்பி: சொல்லுங்க.

அண்ணி: இது... அவர் வளர்த்தது இல்ல.

தம்பி: என்னது?

அண்ணி: அவர் படுத்துக் கிடந்த இருபது நாளும் நான் இந்த ரூமை எட்டியே பார்க்கல. அப்புறம் வந்து திறந்தா... தட்டு முழுக்கக் கறுப்பா பூசணம். ஒரே நாத்தம். கழுவிக் கொட்டிட்டேன். ஆஸ்பத்திரியில தினமும் கேட்டாரு தம்பி, "அது சாப்பிட்டுச்சா?"ன்னு. சாப்பிட்டுச்சுன்னே சொன்னேன். அந்தப் பொய்யைக் கேட்டுக்கிட்டேதான் போனாரு.

தம்பி: அப்போ இது?

அண்ணி: போன மாசம் தபால்ல வரவழைச்சது. உப்புன்னா என்னன்னே தெரியாது இதுக்கு. நீ பாட்டுக்கு மூணு பேரையும் கூப்பிட்டுட்ட. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பாலத்துல நின்னுடும், அவமானப்பட்டாலும் அதோட முடியட்டும்னு இருந்தேன்.

தம்பி: ஆனா இது நிக்கலையே அண்ணி.

அண்ணி: பழகாதது உப்பு மேல மெல்லிசா ஒரு நூலை விட்டு, பயந்து பயந்துதான் போகும். நானே எத்தனை தடவை பார்த்திருக்கேன். இது அவரோடது மாதிரியே அகலமா போகுதே... எனக்குப் பயமா இருக்குடா.

தம்பி: பயப்படாதீங்க அண்ணி. இதுல பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நானும் ஒண்ணு மறைச்சுட்டேன்.

அண்ணி: என்ன?

தம்பி: நேத்து சாயங்காலம் பாலம் ஊத்தினது நான்தானே? அதுல உப்பே போடல. வெறும் ஜெல்லி.

அண்ணி: தம்பி...

தம்பி: எங்க நின்னு தொலைச்சிடுமோன்னு பயம். அண்ணன் பேரு கெட்டுடக்கூடாதுன்னு... தப்புதான். என்ன வேணா திட்டுங்க. ஆனா இது தாண்டுறதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. ஐயோ, அதுக்குள்ள வந்து கதவைத் தட்டுறாங்க! வந்துட்டோம் சார், ஒரு நிமிஷம்!... அண்ணி? ஏன் என்னை அப்படிப் பார்க்குறீங்க?

அண்ணி: நீ ஊத்தினது காலையில மேஜையைத் துடைக்கும்போது என் கை பட்டு உடைஞ்சு போச்சு தம்பி. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல. இது நான் ஊத்தினது. அவர் நோட்டுல எழுதியிருந்த அளவுக்கு உப்பு போட்டு... ரெண்டு தடவை நாக்குல வச்சும் பார்த்தேன்.