கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பேசு

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே என் மனைவி, "நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?" என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சுட்டாருய்யா வாத்தியாரு" என்று கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். வாசலில் நின்று, "கடையில போய் நல்ல சொல்லா யோசிச்சு அனுப்புறேன். பாத்து மார்க் போடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் படி இறங்கினாள். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

மகள் இதை எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். "பேசாதீங்கப்பா. பேசினா உங்க குரலுக்கு நானே தலையாட்டிருவேன். எழுதுங்க" என்றாள். நியாயமான பேச்சு.

முதலில் என் வேலை. வேற்றுமொழி படிப்பவர்கள் காதால் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகுவதற்கு ஒலிப்பாடங்கள் தயாரிக்கும் கூடத்தில் இருந்தேன். வாசிப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நாக்கு எங்கே படவேண்டும், உதடு எவ்வளவு குவியவேண்டும், ஒரே பொருளுக்கு நாலு சொல் இருந்தால் விருந்தாளியிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், எல்லாவற்றையும் பார்ப்பது நான். பதிவு முடிந்ததும் மூச்சை வெட்டுவதும் நான்தான். மனிதர்கள் பேசும்போது எவ்வளவு மூச்சு விடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் பேச்சையே வெறுத்துவிடுவீர்கள். மூச்சு, எச்சில் விழுங்குவது, நாற்காலி முனகுவது எல்லாம் போனால்தான் சொல் துலக்கிய பாத்திரம்போல நிற்கும். கூடத்தில் எனக்குக் 'கத்தரி' என்று பெயர்.

வருஷக்கணக்கில் வெட்டியதில் மூச்சுகளோடு எனக்கு நல்ல பழக்கம். இது ஜலதோஷ மூச்சு, இது சிகரெட் மூச்சு, இது லிஃப்ட் ஓடாததால் மாடியேறி வந்த மூச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வாசிக்க வருபவர்கள் ஆளாளுக்கு மூச்சு விட்டுக் காட்டி என்னைச் சோதிப்பார்கள். நான் தோற்றதில்லை.

மனைவிக்கும் கத்தரிதான் தொழில். கடைத்தெருவில் துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். அந்தத் தெருவுக்கு எல்லா மொழிக்காரர்களும் வருவார்கள். எல்லா மொழியும் அவளுக்குத் தெரியும், ஒன்றுகூடச் சரியாகத் தெரியாது. ஒரு மொழியின் தலையில் இன்னொன்றின் வாலை ஒட்டி, நடுவில் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "இடுப்பு பெரிசு, நீ மெலிசு, சோறு இல்லையா வீட்டுல?" என்பதுபோல எதையோ கேட்பாள். வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குடும்பக் கதையையே சொல்லுவார். அதே மொழியை நான் பிசிறில்லாமல் பேசுவேன். என்னிடம் மணி கேட்பவர்கள் மணி தெரிந்ததும் போய்விடுவார்கள்.

கல்யாணமான புதிதில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு தொடங்கியது. "அத எடுங்க" என்றால் எடுத்துத் தரமாட்டேன். 'அது' என்று உலகத்தில் எந்தச் சாமானும் இல்லை. சரியான சொல்லைச் சொன்னால் சாமான் கைக்கு வரும். சீப்பும் குடையும் உப்பும் எங்கள் வீட்டில் இப்படித்தான் கைமாறின. ஒருமுறை அவள் கண்ணெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறைக் கதவிடுக்கில் கையை நீட்டி, "தொடைக்கிறது, தொடைக்கிறது" என்று கத்தினாள். துண்டு என்று சொல்லும்வரை நான் அசையவில்லை. மகள் இந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிக்கிறாள். சிரித்தாள் என்று எழுதவேண்டும்.

அன்று கூடத்தில் உடம்பு பற்றிய பாடம் ஓடிக்கொண்டிருந்தது. கை, கால், தலைவலி. மனைவியின் முதல் குரல் பதிவு என் போனுக்கு வந்தது.

"வாத்தியாரே, அழுத்துற மாதிரி இருக்கு. பாஸா?"

"மாதிரி இன்னும் போகல" என்று பதில் பேசி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அடுத்தது. "பிசையுது. நெஞ்சப் போட்டுப் பிசையுது."

"பிசையறது வயிறு. இடம் மாத்திப் போடாத."

அதற்கடுத்ததில் பின்னால் தையல் மிஷின் சத்தம் இல்லை. அதைக் கவனித்தேன். பதிவு சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். "யாரோ... இஸ்திரிப் பெட்டிய மேல வெச்சுட்டு... எடுக்க மறந்துட்டாங்க" என்றாள்.

"உவமை பிரமாதம். சொல்லுதான் இல்ல. போன வாய்கிட்ட வெக்காத, மூச்சு இடிக்குது. கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பேசு."

சொன்னபடி கேட்டாள். கடைசிப் பதிவில் குரல் தூரத்திலிருந்து வந்தது.

"எனக்குக் கெடைக்கல. நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் தோல்வியை ஒப்புக்கொண்டது அதுதான் முதல்தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு நிதானமாக யோசித்தேன். பாரம் என்றால் வெளியிலிருந்து வருவது. வலி என்றால் பொத்தாம்பொதுவாகப் போய்விடும். கடைசியில் சொல் கிடைத்தது. சாதாரணமாகச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், நல்ல மைக்கின் முன்னால் உட்கார்ந்து, திருப்தி வரும்வரை பேசிப் பார்த்து, மூச்சை வெட்டி அனுப்பினேன். இறுக்கம்.

அதற்குள் பேன்ட் வாங்க வந்த ஒருவர் அவளை ஆட்டோவில் ஏற்றியிருந்தார். அவருடைய மொழியில் அவளுக்குத் தெரிந்தது 'இடுப்பு', 'நாளைக்கு' என்ற இரண்டு சொற்கள்தான். எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று பிறகு அவரிடம் கேட்டேன். அவருடைய மொழியில், சரியான உச்சரிப்பில்தான் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவள் இல்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் மகள் கேட்டாள். "அம்மா கடைசியா உங்ககிட்டதானேப்பா பேசினா? அதை எனக்கு அனுப்புங்க. குரலாவது இருக்கட்டும்."

அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் கொஞ்சம் ஒழுங்கு செய்தேன். மூச்சுகளை எடுத்தேன். இடைவெளிகளை ஒட்டினேன். தூரமாக ஒலித்த கடைசி வரியைக் கிட்டே கொண்டுவந்தேன். என் பதில்கள் அம்மாவின் குரலுக்கு நடுவே இடைஞ்சலாக இருந்ததால் அவற்றையும் எடுத்தேன். பிறகு என் போனில் இருந்த மூலப் பதிவுகளை அழித்தேன். பெற்ற பெண் கேட்கக்கூடியதல்ல அந்த மூச்சு. அவளுக்காகத்தான் செய்தேன். வேலை நன்றாக வந்திருந்தது. கேட்டால் ஒரு பெண் உற்சாகமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொற்களை முயன்று பார்த்து, கடைசியில் கணவனைச் செல்லமாகச் சீண்டுவது போலிருக்கும். மகள் அதைத் தினமும் கேட்டாள். "அம்மா கஷ்டப்படவே இல்லல்லப்பா?" என்றாள். இல்லை என்றேன்.

அம்மாவின் போனை அவள் பத்திரமாக வைத்திருந்தது எனக்குத் தெரியாது. பூட்டியிருந்ததை எங்கோ கொடுத்துத் திறந்துவிட்டாள். அதில் எல்லாம் அப்படியே இருந்தன. அவள் மூச்சு, என் மார்க்குகள்.

வந்தாள். உட்காரவில்லை.

"பக்கத்து ரூம்ல யாராவது எச்சில் முழுங்கினாலே உங்களுக்குக் கேக்கும். இது கேக்கலையாப்பா?"

"கேட்டுது."

"என்னன்னு நெனச்சீங்க?"

"போன் வாய்கிட்ட இருக்குன்னு."

"மாடியேறின மூச்சா அது?"

நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அப்ப எதுக்குப்பா வெட்டினீங்க?"

"கேட்டுதே, அதனாலதான்."

அவள் எழுதச் சொன்னது இந்த ஒரு வரியைத்தான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது. ஆகவே தெளிவாகவே எழுதிவிடுகிறேன். இரண்டாவது பதிவிலேயே அது என்ன மூச்சு என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் சொல்லைக் கண்டுபிடிக்காமல் நான் எழுந்து போயிருந்தால் விளையாட்டு விளையாட்டாக இருந்திருக்காது. விதியை அவளும் ஒப்புக்கொண்டவள்தான்.

மகள் இப்போது வருவதில்லை. போனில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். அழுதுகொண்டே பேசியது, இரண்டு இடத்தில் மூச்சு இடிக்கிறது. நான் அதில் கை வைக்கவில்லை. இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் போன் அவளிடமே இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டவள் நான் கடைசியாக அனுப்பியதை மட்டும் தொடவில்லையாம், தொடவும் மாட்டாளாம். அதற்குப் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை என்பதற்கான புள்ளி இன்னும் அப்படியே இருக்கிறது. ஒருதரம் கேட்டிருந்தால் என் மனைவி ஒப்புக்கொண்டிருப்பாள். இறுக்கம்தான் சரியான சொல்.