காதோரத்துத் துடிப்பு

இன்ஸ்பெக்டர் ஐயா, என் தேங்காய்ப்பால் சொதியை ஸ்கந்தபுரத்தில் எல்லோரும் இரண்டாம் முறையும் கேட்டு வாங்குவார்கள். என் கணவர் தில்லைநாதன் மட்டும் கோப்பையைத் தள்ளி வைப்பார். "இஞ்சேரும், இது சொதியோ, முகங்கழுவின தண்ணியோ?" அவர் அடித்ததில்லை, குடித்ததுமில்லை. ஆனால் கரண்டி ஒன்று இடம் மாறிக் கிடந்தால் மத்தியானம் வரை அதே கதைதான்.

பிறகு அவரின் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டது. அந்த ஒரு வருசம் மனிதர் பஞ்சாகிவிட்டார். மகள் ரஜிதாவின் பெயரிலேயே தடக்குப்பட்டார். எதை வைத்தாலும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு பத்மா" என்பார். கலியாணம் கட்டியதன் சுகத்தை நான் அப்போதுதான் கண்டேன்.

ரஜிதா விடவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோனாள். காதுக்கு முன்னால் தோலுக்குக் கீழே ஓடும் குழாயை எடுத்து, மண்டையோட்டில் துளையிட்டு, உள்ளே மூளைக் குழாயோடு தொடுத்தார்கள். வீட்டுக்கு விடும்போது டொக்டர் என் விரலை அவர் காதோரத்தில் வைத்துக் காட்டினார். "அம்மா, இந்தத் துடிப்புத்தான் இவருக்கு மூளை. இதிலை ஒண்டும் இறுக்கக் கூடாது."

சில மாதங்களில் எல்லாம் திரும்பிவிட்டது. வயலுக்குப் போடும் பசளைக் கணக்கு, ஆட்களின் பெயர், கரண்டி வைத்த இடம். கிளினிக்கில் கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னார். "அப்பா பழையபடி வந்திட்டாரம்மா" என்று ரஜிதா அழுதாள். ஓம், பழையபடிதான். அன்று பின்னேரமே தொடங்கினார்: "நான் படுத்திருந்த நேரம் வீட்டை நாறடிச்சுப் போட்டீர்."

தலையிடிக்கு ஈரத் துவாய்த் துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டுவது எங்கள் வழக்கம். ரஜிதா வேலைக்குப் போனபின், அவர் தலையிடிக்குது என்றபோது கட்டினேன். "உது கட்டக் கூடாதெண்டெல்லோ டொக்டர் சொன்னவர்?" என்று கேட்டார்.

"போன கிளினிக்கிலை கட்டலாமெண்டவர். மறந்திட்டீங்களோ?"

மறதி என்றால் அவருக்குப் பயம். தலையைக் குனிந்து தந்தார்.

நாள்தோறும் முடிச்சைக் காதுக்கு முன்னாலேயே போட்டேன். அவிழ்த்ததும் விரல் வைத்துப் பார்ப்பேன். துடிப்பு மெலிந்து வந்தது. ஒருநாள் அது இல்லை. மறுநாள் காலை அவர் எழும்பவில்லை. முடிச்சின் தழும்பை ரஜிதா கண்டுவிட்டாள்.

அவரைக் கொல்லவா பார்த்தேன் ஐயா? அந்த ஒரு வருசம் போலக் கொஞ்சம் குறைந்தால் போதும் என்றுதான் கட்டினேன். எவ்வளவு குறையும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இப்போது அவருக்குப் பேச்சில்லை, கைகாலும் அசையாது. ஆனால் வார்ட்டில் நான் கட்டிலருகே போனால் கண் இரண்டும் விரிந்து என் கைகளையே பார்க்கும். வெளியே போகும்வரை இமைக்கமாட்டார். இத்தனை வருசத்தில் அவர் என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அவ்வளவு பிரியம்.