வீட்டு நினைப்புக்கு என்ன கணக்கு

ஓமலூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவருக்குக் கடலோரத்து அணுமின் நிலையத்தில் வேலை. லீவு முடிந்து ரயிலேறப் போகிறார், அவள் வழியனுப்ப வருகிறாள் என்று பேச்சில் தெரிந்தது.

“அங்க அப்பிடி என்னதானுங்க வேல?”

“மனுசன் எத்தன தடவைக்கு ஒருக்கா தப்புப் பண்ணுவான்னு கணக்குப் போடறது. ஒருத்தன் சுச்சை மாத்திப் போட்டுட்டா என்னாகும்னு முன்னாடியே பாக்கோணும்.”

“தூக்கக் கலக்கத்துல பண்ணுவாங்க.”

“அதையும் சேத்துத்தான் போடுவோம். அவசரம், பயம், எல்லாமே.”

“ஊட்டு நெனப்பு?”

“அது கணக்குல இல்ல.”

“நான் இன்னும் உங்களுக்கும் சேத்துத்தானுங்க ஒல வெக்கறேன். வடிக்கறப்பதான் நீங்க இல்லைன்னு தெரியுது.”

ஜங்ஷனில் எல்லோரும் இறங்கினோம். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“நாளைக்குப் போனா என்ன பண்ணுவாங்க?” என்று அவள் கேட்டாள்.

“திட்டுவாங்க.”

“அவ்வளவுதானுங்களா?”

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்ற ஓமலூர் பஸ்ஸை நோக்கி நடந்தார்.

“நாளைக்கும் இப்பிடித்தானுங்க இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே அவள் கூடப் போனாள்.