கடிகாரத்துக்குப் புதுசு, கர்ப்பிணிக்குப் பழசு

அவைக்குத் தலைமையேற்று, பேசுகிறவர்களைவிடப் பொறுமையோடு வீற்றிருக்கும் பணிநிறைவு பெற்ற தலைமையாசிரியர் ராஜசேகர் ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் எஸ்டேட் மேலாளர் அவர்களே! அருவங்காட்டுக் குடியிருப்புகளிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் பெரியவர்களே! கொழுந்துப் பையை இறக்கிய தோள்வலி ஆறும் முன்னே வந்து, கம்பளிக்குள் கைகளை ஒளித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குன்னூர் அறிவியல் வட்டத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு 'உலர் மின்கலம்: உள்ளே நடப்பது என்ன, உதவுவது எதற்கு?' எஸ்டேட் குடியிருப்பில் வளர்ந்து, தேயிலை ஏல அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து பழகியவள் நான். மேடை எனக்குப் புதிது.

பின்வரிசையில் ஒருவர், "சத்தமாப் பேசுங்க அம்மிணி" என்கிறார். பேசுகிறேன் ஐயா. இன்று சத்தமாகப் பேசுவதற்கென்றே வந்திருக்கிறேன்.

நாம் பேட்டரிக் கட்டை என்று சொல்லும் அந்தச் சின்னப் பொருளின் தோலை உரித்துப் பார்ப்போம். வெளியே ஒரு துத்தநாகக் குவளை. நடுவே ஒரு கரிக்கோல். கோலைச் சுற்றிக் கறுப்பு மாவு. மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்தது. மாவுக்கும் குவளைக்கும் இடையே உப்புச் சேர்ந்த பசை. உலர் என்று பெயர். ஆனால் உண்மையிலேயே உலர்ந்துவிட்டால் அது உதவாது. சிந்தாத ஈரம், சிதறாத ஈரம், அந்தப் பசையின் ஈரம்தான் அதன் உயிர்!

துத்தநாகம் கரைகிறது. கரையும்போது எலக்ட்ரான்களை விட்டுவிடுகிறது. அவை உள்ளுக்குள்ளேயே குறுக்கே போய்விட முடியாது. வெளியே வந்து, கம்பி வழியாக, பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு கரிக்கோலை அடைந்து, கறுப்பு மாவில் சேருகின்றன. அந்தச் சுற்றுப் பயணத்தில் அவை செய்துவிட்டுப் போகும் வேலைதான் நமக்குக் கிடைக்கும் வெளிச்சம், ஒலி, அசைவு எல்லாம்.

இருட்டிய பாதையில் நிற்பது கரடியா, வெறும் புதரா என்று காட்டிக்கொடுப்பது எது? காற்றடித்து மின்சாரம் போன மழைநாளில், மலைப்பாதை அடைபட்ட செய்தியை வானொலியில் சொல்ல வைப்பது எது? கம்பியில்லாத இந்த ஒலிவாங்கியைப் பேச வைப்பது எது? மேலாளர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, அதற்குள்ளும் ஒரு சின்ன மின்கலம்தான் உங்களுக்காகக் கரைந்துகொண்டிருக்கிறது!

சரி, கட்டை பழசானால் என்ன ஆகும்? இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு பெண்ணின் வேலை இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.

மண் சரிந்த மலைப்பாதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓரமாக ஒரு ஆள் நடந்து போய்விடலாம். லாரி போக முடியுமா? முடியாது. பழைய கட்டைக்குள்ளும் அப்படித்தான். கரைந்ததெல்லாம் கழிவாகச் சேர்ந்து உள்வழியை அடைத்துவிடுகிறது. சுவர்க்கடிகாரத்துக்கு வேண்டியது துளி மின்சாரம். அது ஓரமாக நடந்துவிடும். காற்றடிக்கும் பம்பு வைத்த கருவிக்கு வேண்டியது பெருமளவு மின்சாரம். அது அங்கேயே நின்றுவிடும். கடிகாரத்தை ஓட்டும் கட்டை எல்லாவற்றையும் ஓட்டும் என்று நினைப்பது, ஆள் நடக்கும் பாதையில் லாரி போகும் என்று நினைப்பதற்குச் சமம்.

இப்போது எங்கள் எஸ்டேட்டுக்கு வாருங்கள். ஆண்டுதோறும் ஆயுதபூஜையன்று அலுவலகம், ஃபேக்டரி, பங்களா என்று எல்லா இடத்திலும் கடிகாரங்களைத் துடைத்துப் பொட்டு வைத்துப் புதுக் கட்டை போடுவார்கள். கழற்றிய பழைய கட்டைகள் எங்கே போகும்? குப்பைக்கா? இல்லை! எஸ்டேட் மருந்தகத்துக்கு! இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு! நான்கு பென்சில் கட்டையில் ஓடும் கருவி அது. கடிகாரத்துக்குப் புதுசு, கர்ப்பிணிக்குப் பழசு! சுவருக்குச் சோறு, சுமப்பவளுக்குச் சக்கையா?

இந்த ஆண்டுப் பூஜை முடிந்து சில வாரங்கள். எட்டு மாதக் கர்ப்பிணி மாலதி, தலைவலி என்றும் கண் முன்னே பூச்சி பறக்கிறது என்றும் சொல்லிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. துணைக்கு வந்தவர் ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை செய்யும் சரிதா. செவிலியர் ஐவி பட்டையைச் சுற்றினார், பொத்தானை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. பம்பு 'உர்ர்' என்று தொடங்கியது. உடனே திரை செத்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி ஒளிர்ந்தது, மறுபடி செத்தது.

"வெளிச்சம் வருதே, கட்டை நல்லாத்தான் இருக்கு. மிஷின்தான் மக்கர் பண்ணுது" என்றார் ஐவி. போன ஆண்டும் இதே மக்கர்தான். கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் தன்னுடைய புதுக் கட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்!

சிரிக்கிறீர்கள். சரிதா சிரிக்கவில்லை.

"சிஸ்டர், புதுக் கட்டை போட்டுப் பாருங்க."

"புதுசுக்கு நான் எங்க போறது? அதெல்லாம் செவுத்துலதான் தொங்குது."

அவ்வளவுதான். சரிதா ஓடினார். ஃபேக்டரியில் மூன்று கடிகாரம், அலுவலகத்தில் ஒன்று. முக்காலி போட்டு ஏறினார். உலர்த்தி அருகே நின்ற மேற்பார்வையாளர் கத்தினார்: "ஏனுங்கக்கா! ட்ரையருக்கு டைம் பாக்க வேண்டாமா?" சரிதா இறங்காமலே கேட்டார்: "உங்க போன்ல டைம் ஓடாதுங்களா?"

நான்கு கடிகாரங்கள் நின்றன. ஒரு கருவி உயிர் பெற்றது. மேலே நூற்று எண்பது, கீழே நூற்று இருபது! தலைவலி இல்லை அது. தாயையும் பிள்ளையையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும் அழுத்தம். நூற்றெட்டு வண்டி வந்தது. அரசு மருத்துவமனையில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். கைக்குள் அடங்கும் பெண் குழந்தை, பிழைத்துக்கொண்டது. மாலதியும் பிழைத்துக்கொண்டார்.

கை தட்டாதீர்கள். தட்ட வேண்டாம் தாய்மார்களே. மீதியையும் கேளுங்கள்.

மறுநாள் காலையில் கட்டைகளைத் திருப்பி மாட்ட முக்காலி கேட்டு நின்ற சரிதாவைப் பிடித்தார்கள். 'கம்பெனிச் சொத்தைத் திருடினார். கடிகாரங்களை நிறுத்தி உற்பத்திக்கு இடையூறு செய்தார்.' இது குற்றச்சாட்டு. தற்காலிக வேலை நீக்கம். திங்கட்கிழமை விசாரணை. ஒப்பந்தச் செவிலியர் ஐவியை வேறு எஸ்டேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நிர்வாகம் சொல்வது என்ன? மருந்தகத்தில் நல்ல கட்டைகள் இருந்தனவாம்! செவிலியர் புதுசு கேட்கவே இல்லையாம்! சான்று? அந்தப் பழைய கட்டைகளைக் கடிகாரத்தில் போட்டுக் காட்டினார்கள், கடிகாரம் ஓடியதாம்!

ஓடும் ஐயா, ஓடும்! அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்!

தலைவர் ஐயா, உங்கள் கையைக் கொஞ்சம் நீட்டுங்கள். இதோ ஒரு கருவி. என் சொந்தச் செலவில் வாங்கியது. இதோ பூஜைக்குக் கழற்றிய கட்டைகளில் நான்கு; ஐவி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவை. போடுகிறேன். திரை ஒளிர்கிறதா? "ஒளிருது" என்கிறீர்கள். அழுத்துகிறேன். என்ன ஆயிற்று? முன்வரிசையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், என்ன ஆயிற்று? "செத்துப்போச்சு!" உரக்கச் சொல்லுங்கள், மேலாளர் ஐயாவுக்குக் கேட்கட்டும். இப்போது புதுக் கட்டை. பம்பு ஓடுகிறது, ஓடுகிறது... நூற்று ஐம்பத்தாறு. ஐயா, நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள், இது விளையாட்டில்லை.

நான் கேட்கிறேன். திருடியது யார்? ஒரு பிற்பகல் எடுத்து மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தவரா? ஆண்டுக்கணக்காக மருந்தகத்தின் உயிரை எடுத்துச் சுவரில் மாட்டியவர்களா? நின்றுபோன கடிகாரத்துக்கு விசாரணை வைத்தீர்களே, நின்றுபோக இருந்த நெஞ்சுக்கு யார் விசாரணை வைப்பது? கருவி இருக்கிறது என்று கணக்குக் காட்டிவிட்டு, அது இயங்குகிறதா என்று பார்க்காத அலட்சியத்துக்கு எந்தப் பிரிவில் குற்றச்சாட்டு?

அறிவியலை நான் சொல்லிவிட்டேன். ஆனால் ஐவி புதுக் கட்டை கேட்டாரா, இல்லையா என்பதை அறிவியல் சொல்லாது. ஒரு மனிதர்தான் சொல்ல முடியும். பண்டகசாலைப் பொறுப்பாளர் மனோகரன் அண்ணன் இந்த மண்டபத்தில்தான், தூணுக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணா, உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. மேலிடம் சொன்னதைத்தான் நீங்கள் செய்தீர்கள். ஐவி மூன்று முறை உங்களிடம் வந்து கேட்டார் என்று உங்கள் வாயால் என்னிடம் சொன்னீர்கள். அதைத் திங்கட்கிழமை விசாரணையில் சொல்வீர்களா? சொன்னால் உங்களுக்கும் சிரமம் வரும். வராது என்று பொய் சொல்ல மாட்டேன்.

தலை குனிந்திருக்கிறார். பொறுங்கள், யாரும் அவரை ஏச வேண்டாம்.

பெண்கள் பக்கத்தில் எழுந்து நிற்பது யார்? அவருடைய மனைவி வேலாமணி அக்கா. என்ன அக்கா சொல்கிறீர்கள்? ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள்.

"ஏனுங்க, என்ற தலைச்சன் புள்ள வயித்துல இருந்தப்ப எனக்கும் இதே எஸ்டேட் ஆஸ்பத்திரிலதான பிரசர் பாத்தாங்க? எந்திரிச்சுச் சொல்லுங்க. சொல்லாட்டி ஊட்டுக்கு வராதீங்க, அந்தத் தூணையே கட்டிப் புடிச்சுட்டு இருங்க!"

சிரிப்பு அடங்கட்டும். அண்ணன் எழுகிறார். அமைதி, அமைதி.

"மூணு தடவ கேட்டாங்க. நாந்தான் பழசுலயே ஓட்டுங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன். மேல இருந்து அப்படித்தான் உத்தரவு. திங்கக்கெழம வந்து சொல்றனுங்க. சரிதா புள்ள திருடி இல்லீங்க."

உட்காருங்கள் அண்ணா. மாட்டேன் என்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார். அவர் தனியாக நிற்க வேண்டாம் என்று இந்தப் பக்கம் ஒருவர் எழுகிறார், அதோ இன்னொருவர், அந்த வரிசை முழுவதும்...

மேலாளர் ஐயா, திங்கட்கிழமை அறைக்குள் இவ்வளவு பேருக்கு நாற்காலி இருக்காது. பரவாயில்லை, நின்றே கேட்டுக்கொள்கிறோம்.

தலைப்பைக் கொடுத்த அறிவியல் வட்டத்தாருக்கும், கையை நீட்டிய தலைவர் ஐயாவுக்கும், நின்றுகொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்.