ரோஸி மேல் தப்பில்லை

குதிரைக்கு வெல்லம் கொடுக்கும்போது உள்ளங்கையை நன்றாக விரித்துக் கொடுக்க வேண்டும். விரலைக் குவித்து நீட்டினால் கடி விழும். விரல் எது, வெல்லம் எது என்று அதற்குத் தெரியாது. அன்று நீங்கள் விசாரிக்க வந்தபோது உங்கள் கான்ஸ்டபிள் குவித்துத்தான் நீட்டினார். சொல்ல நினைத்தேன், ஆனால் வீட்டில் சாவு விழுந்த அன்று எதைச் சொல்வது.

நான் கனகபுரா ரோட்டில், காட்டை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தில் குதிரைச் சவாரி கற்றுக்கொடுக்கிறேன். என் குதிரைகள் எல்லாம் ரேஸில் ஓடி ஓய்ந்தவை. சுற்றியிருந்த நிலம் முழுக்க வீட்டுமனை லேஅவுட்டாகி, சைட் கல் நட்டுவிட்டார்கள். குதிரைகள் நடக்க மிஞ்சியது நீலகிரி மரங்களுக்கு நடுவே போகும் ஒரே ஒரு காட்டுத் தடம். நடக்காத குதிரைக்குக் கால் வீங்கும், வயிறு கட்டிக்கொள்ளும். அப்புறம் விற்க வேண்டியதுதான். வாங்குகிறவன் கல்யாண ஊர்வலத்துக்கு விடுவான். காதருகே பேண்டு, காலடியில் பட்டாசு. அப்படிப் போன ஒன்றைச் சிவாஜிநகரில் ஒரு ஊர்வலத்தில் பார்த்தேன். கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டு கனைத்தது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்க முடியாமல் அழுதேன்.

பிறகு சைக்கிள்காரர்கள் வந்தார்கள். சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன்கள், தடித்த டயர், தலையில் ஹெல்மெட். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சரிவில் கண்மண் தெரியாமல் இறங்குவார்கள். குதிரைகள் மிரண்டன. என்னிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டாள். அதோடு பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். ஃபாரஸ்ட் கார்டு கணேசமூர்த்தி வந்தார்.

"என்ன சார் தினா தினா இந்தக் கலாட்டா? மேல கோபமா இருக்காங்க. ரெண்டுல ஒண்ணுதான் இனிமே காட்டுக்குள்ள. இன்னொரு தடவ யாருக்காவது அடிபட்டா, யாரால ஆச்சோ அவங்கள நிறுத்திடுவாங்க."

அடிபடாவிட்டாலும் நிறுத்தப்போவது எங்களைத்தான் என்று எனக்குத் தெரியும். அவர்கள் நிறையப் பேர், ஈமெயில் எழுதத் தெரிந்தவர்கள். தடத்தில் சாணி கிடக்கிறது என்று ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் லாயத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேறு தொழில் தெரியாது, சார். அந்தப் பிராணிகளுக்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அவர்கள் முரடர்களாகவே இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் அஷ்வத் என்கிற பையன், மல்லேஸ்வரத்துக்காரன், லாயத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்டான். "குதிரை வந்தா நாங்க என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லிடுங்க அங்கிள். அது மாதிரியே பண்றோம்" என்றான்.

சரியான பதில் எல்லாக் குதிரைக்காரருக்கும் தெரியும். குரல் கொடுக்க வேண்டும். சத்தமில்லாமல் வருவது எதுவானாலும் குதிரைக்கு அது தன்னைத் தின்ன வருவதுதான். "வர்றோம்" என்று ஒரு வார்த்தை மனிதக் குரலில் கேட்டால் அடங்கிவிடும். அதை நான் சொல்லவில்லை. தூரத்திலேயே இரண்டு தடவை மணி அடியுங்கள், இறங்குங்கள், தடத்தின் பள்ளப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள் என்றேன். அந்த வகை சைக்கிள்களில் மணி இருக்காது. நானே வாங்கிக் கொடுத்தேன். ரொம்ப தேங்க்ஸ் அங்கிள் என்று எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

மற்ற குதிரைகளுக்கு மணியைக் காட்டி வெல்லம் கொடுத்துப் பழக்கினேன். ரோஸியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டேன். இருப்பதிலேயே சாதுவானவள் அவள்தான். அவள் மிரண்டால் குதிரையைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றாது. மத்தியானம் லாயக்காரன் சாப்பிடப் போனதும் அவளைக் குட்டைக் கயிற்றில் கட்டுவேன். முதலில் மணி, பிறகு சாட்டை. வரிசை மாறக்கூடாது. முதுகில் சேணம் மூடும் இடத்தில்தான் அடிக்க வேண்டும், தடிப்பு வெளியே தெரியாது. சில நாளில் சாட்டை தேவைப்படவில்லை. மணியைக் கையில் எடுத்தாலே உடம்பெல்லாம் வேர்த்து நடுங்குவாள். முடித்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

யாரை ஏற்றுவது என்பதில்தான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஊரார் பெற்ற பிள்ளையை ஏற்றுவது பாவம். அந்த நியாயம் எனக்கு உண்டு. அதனால் லீனாவை ஏற்றினேன். என் மகள், நடக்கப் பழகும் முன்பே குதிரை ஏறியவள். எத்தனையோ முறை விழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தவள். கை முறியும், மாவுக்கட்டுப் போடுவார்கள், சைக்கிளை நிறுத்துவார்கள். அவ்வளவுதான் என் கணக்கு.

முந்தின வாரம் அவள் என்னிடம், "டாடி, குதிரை எனக்குப் போதும். அஷ்வத்கிட்ட பழைய சைக்கிள் ஒண்ணு இருக்காம், ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டது உண்மைதான். என் மனைவி பெட்டி உங்களிடம் சொல்லியிருப்பாள். பெண்ணைப் பெற்ற தாய், எதையாவது எதனோடாவது முடிச்சுப் போட்டுப் பார்ப்பாள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது.

அன்று சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நேராக லாயத்துக்கு வந்தோம். ரோஸி காதைப் பின்னால் மடக்கிக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்கு இவ ஒரு மாதிரியா இருக்கா டாடி. விட்டுடலாமா?"

"ஈ கடிக்குதும்மா. நீ ஏறு."

சேணத்தின் வாரை நான்தான் இழுத்துக் கட்டினேன். அவளுடைய ஹெல்மெட் பட்டையையும் சரிபார்த்தேன். நான் பின்னாலேயே நடந்தேன். பாறைத் திருப்பத்தில் அஷ்வத் எதிரே வந்தான். ரொம்பத் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டான். சொன்னபடி இரண்டு தடவை மணி அடித்தான், இறங்கினான், பள்ளப் பக்கம் போய் நின்றான். லீனாவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

ரோஸி கற்றுக்கொண்டதைச் செய்தாள். மரங்களுக்குள் பாய்ந்தாள். லீனா விழுந்தாள், சரியாகத்தான் விழுந்தாள், ஆனால் ஒரு கால் அங்கவடி வளையத்தில் மாட்டிக்கொண்டது. ரோஸி நிற்காமல் இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே எல்லாம் பாறை. நான் ஓடினேன். அஷ்வத் எனக்கு முன்னால் ஓடினான். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றத் தெரியாமல் அந்தப் பையன் கத்திக்கொண்டே இருந்தான். கணேசமூர்த்தி வந்து கேட்டபோது நான் சொன்னேன், சைக்கிளால்தான் என்று. அதற்குள்ளாகவா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லாமல் விட்டிருந்தால் அவள் செத்தது வீணாகியிருக்கும்.

சைக்கிளுக்குத் தடை போட்டு பலகை வைத்துவிட்டார்கள்.

அஷ்வத் வேலைக்குப் போவதில்லையாம். வீட்டுக்கு வந்து பெட்டியின் காலைப் பிடித்துக்கொண்டான். "நான் தப்பா அடிச்சுட்டேனா ஆன்ட்டி? ரெண்டு தடவதான் அடிச்சேன். அங்கிள் சொன்ன மாதிரிதான் அடிச்சேன்." பெட்டி அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனாலும் சின்ன வயசு, போகப் போக மறந்துவிடுவான் என்று வாயைத் திறக்கவில்லை.

நேற்று பெட்டி என்னிடம், "என் பொண்ணக் கொன்ன மிருகத்துக்கு நீங்க தீனி போடறதப் பாத்துட்டு இருக்க முடியல யூஜின். டாக்டர வரச் சொல்லிட்டேன். நாளைக்கு ஊசி போட்டு முடிச்சுடட்டும்" என்றாள். நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். லாயத்துக்குப் போனால் ரோஸி என் கையை மோந்து பார்க்கிறாள், மணி இருக்கிறதா என்று. அதைத் தாங்க முடியவில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். முதலில் அந்த டாக்டருக்கு ஒரு போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் ஏன் திரும்பத் திரும்ப லீனாவைப் பற்றியே கேட்கிறீர்கள்? அவளுக்கு விழத் தெரியும். ரோஸிக்குத்தான் ஒன்றுமே தெரியாது.